நமது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளையும் செய்ய முடியாமல் போனவற்றையும் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராததால் கலைந்தது. ஜூலையில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முகாம் நடந்தது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளன்று விளையாட்டுப் போட்டி வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் டிபன் பாக்ஸ் கொடுத்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுப் பணி செய்யும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பார்த்துவரும் பயணம் வேன் வாடகை சேராததால் தள்ளிப்போனது.

அடுத்தது சாய்தளம், அதாவது பள்ளியில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சரிவுப் பாதை. இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசிக்கொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகன், மூளை முடக்குவாதம் உள்ளவன். பெயர் வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு வரை தெருமுனைத் தொடக்கப் பள்ளிக்குப் பாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். பதினோரு வயதில் பிள்ளை கனத்துவிட்டான், பாட்டிக்கும் வயதாகிவிட்டது. உயர்நிலைப் பள்ளியோ ஒரு கிலோமீட்டர் தள்ளி. நம் பிள்ளைகளில் பல பேருக்குப் படிப்பு நிற்பது இந்த இடத்தில்தான். அறிவு போதாமல் நிற்பதில்லை, தூக்க ஆள் இல்லாமல் நிற்கிறது.

ஜூன் மாதம் சேர்க்கைக்குப் போனபோது பெயரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் "வீட்டிலேயே இருக்கட்டும், சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வருவார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் வீட்டுவழிக் கல்வியைக் கடுமையான, பன்முகக் குறைபாடு உள்ள குழந்தை தேர்ந்துகொள்ளும் உரிமையாகத்தான் தருகிறது. பள்ளிக்கூடம் நம் தலையில் கட்டுவதற்கு அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நானும் அந்த அம்மாவும் தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். அவர் நல்ல மனிதர், யாரும் அதுவரை அவரிடம் இப்படி எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாடியில் இருந்த ஆறாம் வகுப்பை மறுநாளே கீழே கொண்டுவந்து, எட்டாம் வகுப்பை மேலே அனுப்பினார். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆனால் வராண்டா தரையிலிருந்து இரண்டு அடி உயரம். சாய்தளம் ஏற்கனவே கட்டியிருந்தது. டேப் வைத்து அளந்தேன், ஒன்பது அடி நீளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. இரண்டு அடிக்கு இருபத்து நான்கு அடி வேண்டும். ஒன்பது அடியில் கட்டினால் அது சறுக்குமரம். ஆகஸ்டில் ஒரு நாள் சக்கர நாற்காலி வண்டி பின்னால் உருண்டு பாட்டி விழுந்தார். முழங்கை பெயர்ந்துவிட்டது. அன்றோடு பையனின் வரவும் நின்றது.

ஏன் இவ்வளவு குட்டையாகக் கட்டினீர்கள் என்று கேட்டால், "எஸ்டிமேட்டில் இவ்வளவுதான்" என்றார்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் நான்கு முறை மனு கொடுத்தேன். நான்காவது மனுவோடு சாய்தளத்தின் படம் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் அளவுகளை எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பழையதை இடித்துவிட்டு, நடுவில் சமதளம் விட்டு, இருபத்து நான்கு அடிக்குப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கைப்பிடி ஒரு பக்கம்தான் வைத்திருக்கிறார்கள். கழிப்பறைக் கதவு இன்னும் குறுகல், சக்கர நாற்காலி நுழையாது. பையன் மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறான். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மற்றபடி ஜனவரியிலிருந்து அவன் ஒழுங்காக வகுப்பில் இருக்கிறான். முதல் வாரம் வண்டி தள்ளப் பிள்ளைகளுக்குள் சண்டை. வகுப்பாசிரியை முறை போட்டு எழுதி ஒட்டினார். அவனுக்கு வாய்ப்பாடு நன்றாகத் தெரியும், ஆனால் வாய் திறந்து சொல்ல நேரம் ஆகும். அவன் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். இப்போது கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது எண்ணுவதாக அந்த ஆசிரியை என்னிடம் சொன்னார். அப்படிக் காத்திருந்ததில், அதுவரை வாயே திறக்காத வேறு இரண்டு பிள்ளைகளும் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களாம்.

செயலாளர் ஒரே ஒரு குடும்பத்துக்காகவே அலைகிறார், சங்கப் பணத்தில் ஆட்டோவில் சுற்றுகிறார் என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. ஆட்டோ ரசீது, ஜெராக்ஸ் ரசீது எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் மகளுக்குக் காதுதான் கேட்காது, கால் நன்றாக இருக்கிறது. அவள் படிப்பதும் வேறு பள்ளி. அந்தச் சாய்தளத்தால் என் வீட்டுக்கு எந்த லாபமும் இல்லை. நாளை உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வரும்போது அது அங்கே இருக்கும், அதற்காகத்தான் அலைந்தேன்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். அட்டை முகாமுக்கு 61 குடும்பங்கள் வந்தன. மனு கொடுக்கக் கூப்பிட்டபோது வந்தவர்கள் ஐந்து பேர், கடைசி முறை இரண்டு பேர். சந்தா ஆண்டுக்கு 200 ரூபாய். பதிவேட்டில் உள்ள 64 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 23 பேர். கூலி வேலைக்குப் போகிறவர்களை நான் சொல்லவில்லை. ஒரு நாள் லீவு போட்டால் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும், அவர்களில் பலர் சந்தாவைத் தவணையாகவாவது கட்டிவிட்டார்கள். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வரத் தொடங்கியதும் என் போனை எடுக்காமல் இருப்பவர்களைத்தான் சொல்கிறேன். அந்த விண்ணப்பங்களில் பாதியை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகை பற்றி நவம்பரில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், தகுதி உள்ளவர்களுக்கு ஒரு மொழிப்பாட விலக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. இரண்டு குடும்பங்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. தேதி போன பிறகு அழுதுகொண்டு வந்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் இரண்டு நன்கொடைகளும் வரவு. முகாம், விளையாட்டு விழா, ஆட்டோ, தபால் வகையில் செலவு. போன ஆண்டுக் கையிருப்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

கூட்டத்துக்கு இடம் தரும் நூலகத்தார், வட்டார வள மையச் சிறப்பாசிரியர்கள், இயன்முறை மருத்துவர், டிபன் பாக்ஸ் வாங்கித் தந்த அன்பர்கள், தலைவர், பொருளாளர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு. தொடக்கப் பள்ளி நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. நம் ஒன்றியத்தில் ஒரே ஆசிரியை பேருந்து மாறி மாறி எத்தனை பள்ளிகளுக்கு ஓடுகிறார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் வராத நாட்களில் பிள்ளை வகுப்பின் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதை யார் கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்மைப் போன்ற பெற்றோருக்கும் இடம் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தில் வாய் திறந்து பேச வேண்டும்.

நான் செயலாளராகி மூன்று ஆண்டுகள் முடிகின்றன. வேறு யாராவது முன்வந்தால் பேரேட்டையும் சாவியையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் தொடர்கிறேன், ஆனால் தனியாக இனி முடியாது. நான்கு பேராவது கூட வர வேண்டும். நிலுவைச் சந்தாவை இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கட்டலாம். முழுதாக இல்லையென்றால் இருப்பதைக் கட்டுங்கள்.

கழிப்பறைக் கதவுக்கான மனு தயாராக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேருந்து நிலையத்தில், மேற்குப் பக்கத் தண்ணீர்த் தொட்டி அருகில் நிற்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்