பெரியப்பாவுக்கு ஒரு போன் பண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்சாப்பில் பேசி அனுப்பலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ சிக்காகோ திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. குடும்ப குரூப்பை விட்டு வெளியேறியும் ஐந்து வாரம். தீபாவளி ராத்திரி பெரியப்பா, "போதைப்பொருள் விக்கிறவன தூக்குல போடணும், அதுக்கு மேல பேச்சு இல்ல" என்றார். நீ பாதி இலையில் எழுந்தாய். அடுப்படியில் என்னிடம், "அவர் கன்சர்வேட்டிவ், நான் லிபரல். எங்களுக்குள்ள பேச ஒண்ணுமே இல்லம்மா" என்றாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயில் படியேறிய மனிதரைப் பற்றி நீ அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

தூக்கு விஷயத்தில் நான் உன் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன தைப்பூசத்தில், டத்தோ கெராமாட் சாலையில் நம்ம தண்ணீர்ப் பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி, விளக்குக் கம்பத்தடியில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். போதைப்பொருள் வழக்குதான். யாரும் கூப்பிடவில்லை, அவனும் கிட்டே வரவில்லை. நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். பெரியப்பா சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சுத்தியலால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தினார், நேராகப் போனார், சுத்தியலை அவன் கையில் வைத்து, "ஐஸ ஒடை" என்றார். அவ்வளவுதான். விடியும்வரை அந்தப் பையன் ஐஸ் உடைத்தான். வெள்ளித்தேர் வந்தபோது தேங்காய் உடைபடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது, உனக்குத் தெரியுமே. அந்த இரைச்சலில் அவன் அழுதது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து பிறையில் பெரியப்பாவின் லோரி பட்டறையில் அவன் வேலைக்குச் சேர்ந்தான். இன்னும் இருக்கிறான். "தூக்குல போடணும்னு சொல்ற ஆள், இவனுக்கு எப்படி வேலை கொடுத்தீங்க?" என்று கேட்டேன். "சட்டம்னா பயம் இருக்கணும். தண்டனை முடிஞ்சா முடிஞ்சதுதான். கையில வேலை இல்லாதவன் கோயிலுக்கும் வரமாட்டான், வீட்டுக்கும் வரமாட்டான்" என்றார். நீயாக இருந்தால் மனித உரிமை என்று சொல்லியிருப்பாய். அவர் கோயில், வீடு என்கிறார். பையனுக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது.

இதற்குப் பிறகுதான் நீ இருக்கும் நாட்டைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், தெரிந்துகொள்ளாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. அங்கே இரண்டு கட்சிக்காரர்களும் எதிலும் ஒத்துப்போகமாட்டார்கள் என்று செய்தியில் பார்க்கிறோம். ஆனால் 2018-இல் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் செனட்டில் 87க்கு 12, கீழவையில் 358க்கு 36 என்று நிறைவேறியிருக்கிறது. டிசம்பர் 21 அன்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார். மத்திய அரசுச் சிறைகளில் தண்டனைக் காலத்தைக் குறைக்கவும் கைதிகள் திருந்தவும் வழி செய்யும் சட்டம். அதற்காக ஒரு பக்கம் மக்கள் உரிமைகளுக்காக வழக்காடும் ஏசிஎல்யூ அமைப்பு நின்றது, இன்னொரு பக்கம் கன்சர்வேட்டிவ் கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்களின் அமைப்புகள் நின்றன. ஜனநாயகக் கட்சி செனட்டர் கோரி புக்கரும் குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீயும் வேறு எதில் சேர்ந்து நிற்பார்கள்? புக்கர் தரப்புக்கு, கறுப்பின மக்களுக்கு அளவுக்கு மீறிய தண்டனை கிடைக்கிறதே என்ற வேதனை. மற்றவர்களில் சிலருக்கு, சிறைகள் மக்களின் வரிப்பணத்தைத் தின்கின்றனவே என்ற கவலை. இன்னும் சிலருக்கு, திருந்தியவனுக்கு மறுவாழ்வு உண்டு என்ற கிறிஸ்தவ நம்பிக்கை. அவரவர் காரணம் அவரவருக்கு. வாக்கு மட்டும் ஒரே பக்கம் விழுந்தது.

அந்தச் சட்டத்தில் இரண்டு இடங்களில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். கர்ப்பிணிக் கைதிகளுக்கு விலங்கு போடுவதை அது தடுக்கிறது. முன்பெல்லாம் பிரசவ வலியில்கூடக் கட்டி வைத்திருக்கிறார்கள், பாப்பா. இன்னொன்று, கைதியை முடிந்தவரை வீட்டிலிருந்து 500 மைலுக்குள் வைக்க வேண்டும் என்பது. நம்ம பினாங்கிலிருந்து ஜொகூர் பாரு போனாலும் அவ்வளவு தூரம் வராது. அந்தப் பையனின் அம்மா மாதம் ஒருமுறை ராத்திரி பஸ் ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் மகனைப் பார்த்துவிட்டு, மறுநாள் வேலைக்குத் திரும்புவாள். தூரம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாப் டோல், அங்கே குடியரசுக் கட்சி செனட்டராக இருந்தவர். 1945 ஏப்ரலில் இத்தாலியில் போரில் அடிபட்டு வலது கை விளங்காமல் போனவர். யாரும் அந்தக் கையைக் குலுக்க வந்துவிடக்கூடாது என்று எப்போதும் அதில் ஒரு பேனாவைப் பிடித்திருப்பாராம். பழுத்த கன்சர்வேட்டிவ். அவருக்கு எதிர்க்கட்சியில் டாம் ஹார்கின், லிபரல். அவருடைய அண்ணனுக்குக் காது கேட்காது. இருவரும் ஆதரித்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990 ஜூலையில் செனட்டில் வந்தபோது ஹார்கின் அண்ணனுக்காகச் சைகை மொழியில் பேசினார். சட்டம் 91க்கு 6 என்று தேறியது. அதே மாதம் அதிபர் மூத்த புஷ் கையெழுத்திட்டார். வரி, செலவு என்று வந்தால் டோலும் ஹார்கினும் எதிரும் புதிரும்தான், கடைசிவரை அப்படியே இருந்தார்கள். ஒருவருக்குக் கை, ஒருவருக்கு அண்ணன். நீ பஸ்ஸில் ஏறும்போது சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறுவதைப் பார்த்தால் இவர்களை நினைத்துக்கொள்.

நம்ம மலேசியாவிலும் பார். 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் திருத்தத்துக்கு மக்களவையில் 211 பேர் ஆதரவு. எதிர்த்து ஒருவர்கூட இல்லை. அதனால்தான் தம்பி 2022 நவம்பரில் பதினெட்டு வயதில் ஓட்டுப் போட்டான். பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனான். இரண்டு பேரும் வெவ்வேறு கட்சிக்குப் போட்டுவிட்டு, மை விரலோடு வந்து ஒரே மேசையில் தோசை சாப்பிட்டார்கள்.

நீங்கள் சண்டை போட்ட அதே தூக்குத் தண்டனை விஷயத்தையே எடுத்துக்கொள். 2023 ஏப்ரலில் கட்டாய மரண தண்டனையை நம் நாடாளுமன்றம் நீக்கியது. மரண தண்டனை அடியோடு போகவில்லை. நீதிபதி இனி ஆளையும் சூழ்நிலையையும் பார்த்து முடிவெடுக்கலாம். பெரியப்பா இதைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? "நீதிபதி பாக்கட்டும். அது சரிதான். கண்ண மூடிக்கிட்டு தூக்குல போடுன்னு நானும் சொல்லலையே." நீ ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் உன்னிடமே சொல்லியிருப்பார்.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அன்று உன் தோழியைப் பற்றி அவர் சொன்னது தப்பு. அதை மறுநாள் அவரிடமே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, காப்பியை மட்டும் குடித்தார். ஒருவருடைய மானத்தைக் குறைத்துப் பேசினால் நீ எழுந்து போகத்தான் வேண்டும், அதற்கு நான் உன்னைக் கோபிக்கமாட்டேன். ஆனால் தூக்கு, வரி, கோயில், ஓட்டு, இதற்கெல்லாம் எழுந்து போகாதே. 2017-இல் பினாங்குத் தைப்பூசத்துக்குப் புதிதாகத் தங்கத்தேர் வந்தபோது நம் வீட்டில் எவ்வளவு பேச்சு! நகரத்தார் 1894-இல் கொண்டுவந்த வெள்ளித்தேர்தான் நமக்கு என்று பெரியப்பா ஒரே பிடிவாதம். அப்பாவோ தங்கத்தேர் பக்கம். ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தல் போடும் நாள் வந்ததும், கூடாரக் கம்பியை ஒரு முனையில் ஒருவரும் மறுமுனையில் ஒருவரும் பிடித்தார்கள். இன்றுவரை இரண்டு தேருக்கும் அதே பந்தலில்தான் மோர் கொடுக்கிறோம். எந்தத் தேர் என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

பெரியப்பாவுக்கு வியாழக்கிழமை கண்ணில் புரை எடுக்கிறார்கள். வலது கண். பயப்படுகிறார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அன்று அந்தப் பையன்தான் பட்டறையைப் பார்த்துக்கொள்ளப் போகிறான், சாவி ஏற்கெனவே அவன் கையில். நீ புதன்கிழமை காலையில் கூப்பிட்டால் இங்கே ராத்திரியாக இருக்கும், அவர் தூங்குமுன் எடுப்பார். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவரையும் கேட்கச் சொல்லமாட்டேன். பையன் எப்படி வேலை செய்கிறான் என்று கேள். எஞ்சின் பிரிப்பதிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் சொல்வார்.

குளிர் அதிகம் என்று தம்பி சொன்னான். காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

அன்புடன்,
அம்மா
பினாங்கு