வெந்நீர் ஊருக்கு, அறை ஹோட்டலுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் அண்மையில் வெளிவந்த, ஐரோப்பாவின் பழம்பெரும் ஹோட்டல்களையும் வெந்நீர்க் குளியல் நகரங்களையும் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் கட்டுரை அறை வாடகையில் தொடங்கி அறை வாடகையிலேயே முடிந்துவிட்டதால், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காகக் கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்வரும் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரருக்கு அந்த ஊர்களில் ஒரு வேலையும் இல்லை என்ற எண்ணமே வாசகர் பலருக்கும் ஏற்பட்டிருக்கும். என் மகள் ஜேர்மனியின் தென்மேற்கில், கறுப்புக் காட்டுப் பகுதிக்கு அருகே வசிக்கிறாள். அவளிடம் போயிருந்த காலங்களில் நானும் என் கணவரும் இந்த ஊர்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறோம். பெரிய ஹோட்டல் ஒன்றிலும் நாங்கள் தங்கியதில்லை. அப்படியிருந்தும் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதியைப் பார்த்தோம் என்றே நினைக்கிறேன். ஏனெனில் அந்த ஊர்களில் ஹோட்டல் என்பது வெந்நீரை அண்டிப் பிழைக்க வந்த ஒன்று, வெந்நீரோ ஊருக்குச் சொந்தமானது.

செக் குடியரசிலுள்ள கார்லோவி வாரி இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே பத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகளின் நீரைக் குடிக்கலாம். அவற்றில் பெரியது ஏறத்தாழ 73 பாகை செல்சியஸ் வெப்பத்தோடு 12 மீற்றர் உயரம் வரை பீறிட்டெழுகிறது. மற்ற ஊற்றுகள் தெருவோரத்திலும் தூண் மண்டபங்களிலும் குழாய் வழியே வழிந்துகொண்டிருக்கின்றன. காவலாளி கிடையாது, சீட்டுக் கிடையாது. குவளையைப் பிடித்தால் நிரம்பும். அந்தக் குவளையும் விசித்திரமானது. அதன் கைபிடியே உறிஞ்சு குழாயாகவும் அமைந்திருப்பதால், சூடான உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே நடக்கலாம். சுவையைப் பற்றிக் கேட்டால், சோடா உப்பும் இரும்புத் துருவும் கலந்த வெந்நீர் என்றுதான் சொல்ல வேண்டும். என் கணவர் ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்துக் கடையில் விற்ற மெல்லிய வட்ட அப்பளம் போன்ற இனிப்பு வேஃபரைத் தேடிப் போய்விட்டார்.

நீரைக் குடிப்பதும் நடப்பதும் அங்கே ஒரே சிகிச்சையின் இரண்டு பகுதிகள். மழையிலும் பனியிலும் நோயாளிகள் நனையாமல் நடப்பதற்காகவே அந்தத் தூண் மண்டபங்களை எழுப்பியிருக்கிறார்கள். 1871 முதல் 1881 வரை கட்டப்பட்ட ஆலை மண்டபத்தில் மட்டும் 124 தூண்கள் நிற்கின்றன. ஊற்றுநீரை எவ்வளவு, எந்த வேளையில் குடிக்க வேண்டும் என்பதை அங்குள்ள மருத்துவர்கள் இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தால், ஊன்றுகோலோடு வரும் உள்ளூர் மூதாட்டியும் விலையுயர்ந்த கம்பளி மேலங்கி அணிந்த வெளிநாட்டுச் சீமாட்டியும் ஒரே குழாயின் முன்னால் தத்தம் முறைக்குக் காத்து நிற்பதைக் காணலாம். தங்கள் கட்டுரை விரிவாக வருணித்த பூப் ஹோட்டலும் இதே ஊரில்தான் இருக்கிறது. தன் வரலாற்றை 1701இலிருந்து கணக்கிடும் அந்த ஹோட்டலின் இன்றைய முகப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கட்டுரையாளர் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அறை எடுக்காதவரும் அங்குள்ள காப்பிக்கடைக்குள் போய், ஒரு காப்பியையும் ஒரு துண்டு கேக்கையும் வாங்கிக்கொண்டு, சரவிளக்குகளின் கீழே வேண்டிய நேரம் அமர்ந்திருக்கலாம். ஐரோப்பாவின் பழைய ஹோட்டல்கள் பலவற்றில் இதுதான் வழக்கம்.

இந்த மண்டபங்களையும் பூங்காக்களையும் யார் பராமரிக்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். ஜேர்மனியின் குளியல் நகரங்களில் இரவு தங்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் குர்டாக்ஸ எனப்படும் ஒரு சிறு வரி அறவிடப்படுகிறது. அதைச் செலுத்தியவருக்கு ஓர் அட்டை கிடைக்கும். பல ஊர்களில் அதைக் காட்டி உள்ளூர் பஸ்களில் இலவசமாகப் பயணம் செய்யலாம், சில இடங்களில் நுழைவுக் கட்டணம் குறையும். பூங்கா வாத்தியக் குழுவுக்கும் மலர்ப் பாத்திகளுக்கும் அந்த வரிப்பணம் போகிறது. பிரான்ஸில் இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவர் பரிந்துரைத்தால் மூன்று வாரங்களில் 18 நாள் நீர்ச் சிகிச்சைக்கு ஆகும் செலவின் பெரும்பகுதியைச் சமூகக் காப்புறுதியே ஏற்றுக்கொள்கிறது. மூட்டுவலிக்காரத் தொழிலாளி ஒருவர் அரச செலவில் வெந்நீரில் கிடப்பதை நம்மூரில் சொன்னால் சிரிப்பார்கள். ஐரோப்பியர் அதை ஆடம்பரமாக நினைப்பதில்லை. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் ஏழு நாடுகளைச் சேர்ந்த பதினொரு குளியல் நகரங்களை ஒன்றாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, தனித்தனி ஹோட்டல்களைத் தெரிவு செய்யாமல் ஊற்று, மண்டபம், பூங்கா, நடைபாதை, விடுதி எல்லாம் சேர்ந்த முழு ஊரையே கணக்கில் எடுத்தது.

அந்தப் பதினொன்றில் ஒன்றான, ஜேர்மனியிலுள்ள பாடன்-பாடன் பற்றித் தங்கள் கட்டுரை சொல்லத் தயங்கிய ஒன்றை, பெண் வாசகர்களின் நன்மை கருதி வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். 1877இல் திறக்கப்பட்ட ஃப்ரீட்ரிஷ்ஸ்பாட் என்னும் மாளிகை போன்ற குளியலகத்தில், சூடான காற்றறை, நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி, குளிர்நீர்த் தொட்டி என்று வரிசைப்படி நகர்ந்து குளிக்கும் பழைய முறை பின்பற்றப்படுகிறது. அங்கே ஆடையின்றியே குளிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கும் வேளைகளும் உண்டு. அந்த நாட்டவருக்கு இது சாதாரணமான விடயம். நமக்கு அப்படியல்ல. ஆனால் அதற்காக அந்த ஊரையே தவிர்க்க வேண்டியதில்லை. சில அடி தூரத்தில், 1985இல் திறக்கப்பட்ட கரகல்லா குளியலகம் இருக்கிறது. அதன் கீழ்த்தளத் தடாகங்கள் எல்லாவற்றிலும் நீச்சலுடை அணிந்தே குளிக்கிறார்கள். மேல்தளத்தில், சவுனா எனப்படும் வியர்க்கவைக்கும் வெப்ப அறைகளில் மட்டுமே ஆடையில்லா விதி. பிள்ளைகளோடு போகும் பெற்றோர் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவராது. முழங்கால் வலியோடு உள்ளே போன நான் படியேறி வெளியே வந்தபோது இருந்த இலேசான உணர்வு இரண்டு நாளேனும் நீடித்தது. அதற்கு மேல் அற்புதம் எதையும் உரிமை கோர மாட்டேன். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்துக்கும் ஒரு வார்த்தை. 1913இல் திறக்கப்பட்ட செச்செனி குளியலகத்தின் மஞ்சள் மதில்களுக்கு நடுவே, திறந்தவெளித் தடாகத்தில் மார்பளவு வெந்நீரில் நின்றபடி முதியவர்கள் சதுரங்கம் ஆடுவது உண்மையே; சுற்றுலாப் படங்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட காட்சி அல்ல. குளிர்காலத்தில் போவதே நல்லது.

நான் அதிகம் விரும்பிய ஊர், தங்கள் கட்டுரையில் இடம்பெறாத, ஜேர்மனியிலுள்ள பாடன்வைலர். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய சிற்றூர் இது. பாசலில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் வெள்ளவத்தையில் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். 1784இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட உரோமர் காலக் குளியலகத்தின் சிதைவுகள், இன்று கண்ணாடிக் கூரையின் கீழே பூங்காவின் நடுவே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அடுத்தாற்போல் புதிய குளியலகம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் காச நோயோடு இங்கே வந்து, 1904ஆம் ஆண்டு ஜூலையில் இவ்வூர் ஹோட்டல் ஒன்றில் காலமானார். அவருக்கு 1908இலேயே இங்கு ஒரு நினைவுச்சிலை எழுப்பினார்கள். அதே செக்கோவ் 1890இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள சக்கலின் தீவிலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கியவர் என்பதும், துறைமுகத்துக்கு எதிரேயுள்ள கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் அவருடைய நினைவை இன்றும் போற்றிவருகிறது என்பதும் கோட்டைப் பக்கம் அன்றாடம் போய்வரும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1935இல் கமலா நேரு சிகிச்சை பெற்றுவந்ததும் இதே பாடன்வைலரில்தான். மனைவியின் நிலை மோசமானதால் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜவஹர்லால் நேரு நேரே இந்த ஊருக்கே விரைந்தார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கமலா சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார். 1937இன் இறுதியில் சுபாஸ் சந்திரபோஸ் ஒஸ்திரியாவின் பாட் காஸ்டைன் என்னும் குளியல் நகரில் தங்கித் தன்வரலாறு எழுதியதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளையருடைய ஓய்வூர்கள் என்று நாம் ஒதுக்கிவைக்கும் இந்த இடங்களின் கதையில் நம் பக்கத்து மனிதர்களும் இருக்கிறார்கள்.

இன்னும் நெருக்கமாகவும் இருக்கிறார்கள். எண்பதுகளிலிருந்து சுவிற்சர்லாந்துக்கு அகதிகளாகப் போன எங்கள் இளைஞர்களில் பெருந்தொகையானோருக்கு முதல் வேலை கிடைத்தது ஹோட்டல்களிலும் உணவகங்களிலும்தான். பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையல் பொறுப்பாளராக உயர்ந்தவர்கள் பலர். பெரும் ஹோட்டல் என்ற எண்ணத்துக்கே தன் பெயரைக் கொடுத்து, 1898இல் பாரிஸில் ஹோட்டல் திறந்த சேசர் ரிட்ஸ் என்பவரும், நீடர்வால்ட் என்ற சுவிஸ் மலைக் கிராமத்தில் ஒரு விவசாயியின் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, மேசைப் பணியாளராகத் தொடங்கியவரே. சரவிளக்கையும் பட்டுத் திரையையும் பக்கம் பக்கமாக வருணிக்கும் பயணக் கட்டுரைகள், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றியும் ஒரு பந்தியாவது எழுதினால் என்ன? தங்கள் பத்திரிகையின் புலம்பெயர் வாசகர்கள் அதைப் பூரணமாகச் சொல்லக்கூடியவர்கள்.

பழைய கட்டடங்களைக் காப்பதில் ஐரோப்பியர் எல்லா இடத்திலும் வெற்றி பெற்றுவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. போஸ் தங்கிய பாட் காஸ்டைனில், ஊரின் நடுவே விழும் அருவிக்குப் பக்கத்திலிருந்த பழைய ஹோட்டல்கள் நீண்ட காலம் பூட்டிக்கிடந்து பாழாயின. அவற்றில் ஒன்றான ஸ்ட்ரௌபிங்கர், 1865இல் ஒஸ்திரியாவும் பிரஷ்யாவும் உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்ட இடம். அது மீண்டும் திறக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த விடயத்தில் 1864இல் தொடங்கிய எங்கள் காலிமுகத்திடல் ஹோட்டலும், தேசாதிபதி மெயிட்லண்டின் வாசஸ்தலமாக இருந்து ஹோட்டலான கல்கிசை ஹோட்டலும் ஓரளவு அதிர்ஷ்டம் செய்தவையே. போர், பொருளாதார நெருக்கடி எல்லாவற்றுக்குப் பிறகும் அவற்றின் விறாந்தையில் இன்றும் தேநீர் பரிமாறப்படுகிறது.

வெந்நீரைப் பொறுத்தவரை எங்கள் நிலை வேறு. திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளை அறியாத தமிழர் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா, அம்பாந்தோட்டைப் பக்கத்தில் மகாபெலஸ்ஸ என்று இன்னும் சில ஊற்றுகள் இந்தத் தீவில் உண்டு. கன்னியா வெறும் குளியலிடமும் அல்ல. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடமென்று நம்பி, இறந்தவர்களுக்கான கடன்களை அங்கே போய்ச் செய்துவந்த மரபு எங்களுடையது. அதன் உரிமை குறித்த வழக்குகளையும் வாதங்களையும் தங்கள் செய்திப் பக்கங்களிலேயே வாசிக்கிறோம், அவற்றுக்குள் நான் இங்கே நுழையவில்லை. சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் ஐரோப்பிய வெந்நீர் ஹோட்டல்களை முன்மாதிரியாகக் காட்டும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் கவலையையே சொல்ல வருகிறேன். கார்லோவி வாரியில் நான் கண்ட முன்மாதிரி, ஊற்றைச் சுற்றி மதில் எழுப்பி ஒரு ஹோட்டலிடம் ஒப்படைப்பதல்ல. ஊற்றுக்கு மேல் மண்டபம், அமர்வதற்கு நிழல், வழுக்காத படி, பெண்களுக்கு உடை மாற்றச் சுத்தமான அறை, முதியவர் பிடித்து இறங்கக் கைபிடி ஆகியவற்றை ஊர்ச்சபை செய்து கொடுக்கட்டும். ஹோட்டல் வேண்டுமானால் அது தெருவுக்கு அப்பால் எழட்டும், அதில் தங்குபவரிடம் ஒரு சிறு வரியை அறவிட்டு இந்தச் செலவுகளை ஈடுகட்டட்டும். வாளியோடு வந்து மொண்டு குளிக்கும் சாம்பல்தீவுக்காரியும் நிலாவெளிக்காரியும் இன்றுபோலவே என்றும் வந்து போக வேண்டும். கிரியைக்கு வருபவருக்கும் குளிக்க வருபவருக்கும் இடையே ஒரு மரியாதையான இடைவெளியும் வேண்டும். இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு மலரில் இத்தகைய கட்டுரைகள் தொடர்ந்து வரவேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அறை வாடகையோடு, பொதுக் குளியலகத்தின் நுழைவுக் கட்டணம், அங்குள்ள உடை விதி, பராமரிப்புக்காக மூடப்படும் நாட்கள், பக்கத்துப் பெருநகரிலிருந்து புகையிரதத்தில் போகும் வழி ஆகியவற்றையும் ஒரு சிறு கட்டத்துக்குள் சேர்த்துப் பிரசுரித்தால், விசாவோடு மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ மூன்று மாதம் இருந்துவிட்டுவரும் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். அவர்களில் பலர் பிள்ளைகள் வேலைக்குப் போன பின் பகல் முழுவதும் தொடர்மாடி வீட்டுக்குள் இருந்து தொலைக்காட்சி பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.