சீருடைக்குக் கதவு திறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகத் திருட்டுகள் பற்றிய தங்கள் கட்டுரை, கேமராக்களைக் கூட்டினால் போதும் என்கிறது. பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அன்று நடந்தது வேறு. கேமராவும் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார்களும் அங்கே இருந்தன. திருடர்கள் எந்த அறையில் எப்போது நடந்தார்கள் என்பதை சென்சார்கள் பதிவும் செய்தன. என்ன பயன்? காவலர்கள் அப்போது அடித்தளத்தில் கட்டுண்டு கிடந்தார்கள்.

அதிகாலை 1.24 மணி. போலீஸ் உடையில் இருவர் மணியடித்து, ஏதோ தகராறு என்று புகார் வந்திருப்பதாகச் சொன்னார்கள். விதியை மீறிக் காவலர் கதவைத் திறந்தார். கவனிக்க வேண்டியது அடுத்த தந்திரம். உன்மேல் வாரண்ட் இருப்பதுபோல் தெரிகிறது, வெளியே வந்து அடையாள அட்டையைக் காட்டு என்றார்கள். போலீசுக்குத் தகவல் தரும் ஒரே அவசரப் பொத்தான் அவருடைய மேசைக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் நாலடி நகர்ந்ததும் கட்டடமே ஊமையாகிவிட்டது. 81 நிமிடத்தில் வெர்மீர், ரெம்பிராண்ட் ஓவியங்கள் உட்பட 13 பொருட்கள் போயின. காலியான ஓவியச் சட்டங்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன.

1911இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவைத் திருடியவருக்குத் துப்பாக்கியும் தேவைப்படவில்லை. ஊழியர்கள் அணியும் வெள்ளை மேலங்கியே போதுமாக இருந்தது. சுவர் வெறுமையாக இருந்ததைப் பார்த்தவர்கள், போட்டோ எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்!

நம் அலுவலக வாசல்களிலும் ஏணியோடு வரும் ஏசி மெக்கானிக்கை யார் கேட்கிறார்கள்? வேலைக்கு வருபவரின் பெயரும் நேரமும் முதல் நாளே வாசலுக்கு எழுத்தில் வர வேண்டும். சந்தேகம் வந்தால் அவர் நீட்டும் கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்வது வீண்; எடுப்பவர் அவருடைய கூட்டாளியாகவே இருக்கலாம். நம் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குத்தான் பேச வேண்டும். போலீஸ் என்று வந்தாலும் 112ஐ அழைத்து, ரோந்து அனுப்பினீர்களா என்று கேட்டுவிடலாம். அதுவரை அவர் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். உண்மையான போலீஸ்காரர் இரண்டு நிமிடம் பொறுப்பார்.

"நான் யார் தெரியுமா?" என்ற அதட்டலுக்குப் பயந்தே பல காவலர்கள் வழிவிடுகிறார்கள். நிறுத்தியதற்காக வேலை போகாது என்று நிர்வாகம் அவர்களுக்கு எழுதித் தர வேண்டும். அவசரப் பொத்தான் ஒன்று அவர்கள் இடுப்பிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி