படித்துக்கொண்டே சம்பாதிக்கலாமா? மகளோடு மூன்று வாரம் இருந்து பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். 'ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம், குடும்பத்துக்குப் பாரமில்லை' என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே நின்று ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகனுக்கு எஸ்.டி.பி.எம். (நம் மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் எழுதும் ஆறாம் படிவத் தேர்வு) முடிந்துவிட்டதாம், முதல் தவணைக் கட்டணத்தை எப்படியாவது புரட்டிக் கட்டிவிட்டால் மீதியை அவனே பகுதி நேர வேலை செய்து பார்த்துக்கொள்வானாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பேச்சைத்தான் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து பேசினோம். அப்போது எங்களிடம் யாரும் சொல்லாததை இப்போது நான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். என் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. நான் சந்தைக்கு எதிரே சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் மகள் 2024 பிப்ரவரியில் மெல்பர்னுக்குத் தாதிமைப் (நர்சிங்) பட்டம் படிக்கப் போனாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. படிப்புக் கட்டணத்துக்கு மாமனார் விட்டுப்போன நிலத்தை விற்றோம், வீட்டுக்காரரின் சேமநிதியிலிருந்து கொஞ்சம் எடுத்தோம், என் நகையும் போனது. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் உள்நாட்டில் படிக்கிறவர்களுக்குத்தான், அதனால் அந்த வழி இல்லை. சாப்பாடு, வாடகை, பஸ் காசு இதற்கெல்லாம் எங்களிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் முகவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அதுக்கெல்லாம் பயப்படாதீங்கக்கா, பிள்ளை போய் இறங்கின வாரமே வேலை கிடைச்சிடும்."

விசாவுக்கு ஒரு வருஷச் செலவுப் பணம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்போது அது 24,505 ஆஸ்திரேலிய டாலர். என் அண்ணன் வீடு கட்ட வைத்திருந்த பணத்தை வங்கியில் போட்டுக் காட்டினோம், விசா வந்ததும் அவர் எடுத்துக்கொண்டார். முகவர் காட்டிய வழிதான், ஆனால் தலையாட்டியது நாங்கள். இன்றைக்கு நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்த நாட்டு அரசாங்கம் அந்தத் தொகையைச் சும்மா கேட்கவில்லை, ஒரு பிள்ளை ஒரு வருஷம் உயிரோடு இருக்க அவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்கிறது. அந்தப் பணம் இல்லாமலே எங்கள் பிள்ளையை நாங்கள் விமானம் ஏற்றிவிட்டோம்.

போன பிறகு எனக்கு அவள் மேல் கோபம். கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் "அப்புறம் கூப்பிடறேன்ம்மா" என்று வைத்துவிடுவாள். புலனத்தில் (வாட்ஸ்அப்) நான் பத்து வரி அனுப்பினால் மறுநாள் ஒரு கைகூப்பும் படம் வரும். கோயிலில் பார்க்கிறவர்கள் வேறு, "வெளிநாடு போனா பிள்ளைங்க மாறிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். நான் கடையைச் சாத்திவிட்டு, விளக்கு வைத்து, சாப்பிட்டு முடித்து ஒன்பதரை மணிக்குக் கூப்பிடுவேன். மெல்பர்னில் அப்போது மணி பதினொன்றரை, அக்டோபர் முதல் ஞாயிறு வந்துவிட்டால் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள், பன்னிரண்டரை ஆகிவிடும். இதைக்கூட நான் யோசித்துப் பார்க்கவில்லை. (பெர்த்தில் படித்தால் நம் நேரமும் அந்த ஊர் நேரமும் ஒன்றே, அந்தப் பெற்றோருக்கு இந்தத் தொல்லை இல்லை.)

சென்ற ஆண்டு ஆகஸ்டில் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) கைக்கு வந்தது. கைப்பேசிச் செயலியிலேயே இ.டி.ஏ. என்ற பயண அனுமதி எடுத்துக்கொண்டு மூன்று வாரம் அவளோடு இருந்துவிட்டு வந்தேன்.

கிளேட்டன் என்ற பகுதி. ஐந்து மாணவர்கள் இருக்கும் ஒரு வீட்டில் ஓர் அறை, வாரம் 250 டாலர். அங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் பேசுகிறார்கள். நம் காசுக்கு எழுநூறு வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் குறைவு, ஒரு வாரத்துக்கு! ஆகஸ்ட் அங்கே குளிர் காலம், விடியற்காலையில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். அறையில் ஹீட்டர் இருந்தது, ஆனால் நான் வந்த பிறகுதான் போட்டாளாம், மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து அதுவரை இரண்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

மேசைக்கு மேலே ஒரு நாள்காட்டி ஒட்டியிருந்தாள். சிவப்பில் எழுதியது மருத்துவமனைப் பயிற்சி, பச்சை வேலை, நீலம் அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய நாள். வெள்ளையாக ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்தது, அதில் பென்சிலால் 'சமையல், துணி' என்று எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே நேரத்தில் ஒரு பானை சோறு, சாம்பார், கோழி, முட்டைக்கோஸ் பொரியல். எல்லாம் ஆறியதும் பத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் காகிதப் பசைநாடா ஒட்டி, தி, செ, பு என்று கிழமையின் முதல் எழுத்தைத் தமிழில் எழுதினாள். தமிழில் எழுதினால் வீட்டில் மற்றவர்கள் மாற்றி எடுக்க மாட்டார்களாம். தமிழ்ப்பள்ளியில் படித்த எழுத்து அங்கே குளிர்பெட்டிக்குள் இருந்தது, பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, முழங்கை வரை சொரசொரப்பாக. பயிற்சியில் ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், குளிரில் அது இப்படித்தான் ஆகும் என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் தினமும் இரவு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன், எண்ணெய் தடவும்போதே தூங்கிவிடுவாள்.

ஒரு புதன்கிழமை எனக்கு மறக்காது. பின்னேர ஷிப்ட் முடிந்து இரவு பத்து இருபதுக்கு வீட்டுக்கு வந்தாள். 'பு' என்று எழுதிய டப்பாவைச் சூடாக்கி, பாதி சாப்பிட்டாள், மடிக்கணினியைத் திறந்தாள். புண் பராமரிப்பைப் பற்றி 2,000 சொல்லில் ஒரு கட்டுரை, இரவு 11:59க்குள் அனுப்ப வேண்டும். முக்கால்வாசி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். 11:52க்கு அனுப்பிவிட்டு, 4:45க்கு அலாரம் வைத்துப் படுத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு டாண்டினாங் பக்கம் மருத்துவமனையில் நிற்க வேண்டும். நானும் கூடவே எழுந்து, இருட்டில் கிளேட்டன் ரயில் நிலையம் வரைக்கும் நடந்தேன். மேலே தூண்கள் மேல் இருக்கும் நிலையம், அந்தக் குளிர்காற்று எலும்புக்குள் போகிறது. ரயிலில் ஏன் உட்கார மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். "உட்கார்ந்தா தூங்கிடுவேன்ம்மா, இறங்க வேண்டிய இடம் போயிடும்" என்றாள். இந்தப் பிள்ளையைத்தான் நான் போன் எடுக்கவில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2023 ஜூலையிலிருந்து அதுதான் சட்டம். விடுமுறைக் காலத்தில் கட்டுப்பாடு இல்லை. 48 மணி நேரம் என்றால் கேட்க நிறைய மாதிரித் தெரியும், ஆனால் அது மேல் வரம்பு, அவ்வளவும் கிடைக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. கேஷுவல் (நிரந்தரமில்லாத) வேலையில் ஒரு வாரம் நான்கு ஷிப்ட் வரும், அடுத்த வாரம் ஒன்றுகூட வராது. தாதிமைப் படிப்பில் இன்னொரு பெரிய பளு இருக்கிறது. பட்டம் வாங்குவதற்குள் குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனையிலும் மற்ற பராமரிப்பு இடங்களிலும் பயிற்சி முடிக்க வேண்டும். அது அந்த 48 மணிக் கணக்கில் சேராது, ஆனால் அதற்குச் சம்பளமும் கிடையாது. பயிற்சி நடக்கும் வாரங்களில் முழு நேரம் நின்றுவிட்டு வந்து வேறு வேலைக்குப் போக உடம்பில் தெம்பு இருக்காது, வருமானம் நின்றுவிடும், வாடகை மட்டும் நிற்காது. 2025 ஜூலையிலிருந்து அந்த நாட்டு அரசாங்கம் பயிற்சிக் காலத்தில் தாதிமை மாணவர்களுக்கு வாராந்திர உதவித்தொகை கொடுக்கிறது, நல்ல விஷயம், ஆனால் உள்நாட்டு மாணவர்களுக்குத்தான். நம் பிள்ளைகளுக்கு இல்லை.

அவள் முதலில் சேர்ந்த வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போய் ஒரு மாதம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை, கையில் காசு தீர்ந்துகொண்டிருந்தது. ஓர் உணவகத்தில் முதல் இரண்டு நாள் 'வேலை பழக' என்று சம்பளமே இல்லாமல் பாத்திரம் கழுவ வைத்தார்கள், அதற்குப் பிறகு மணிக்கு 14 டாலர், கையில் ரொக்கமாக. அப்போது அந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே மணிக்கு 23 டாலர் 23 காசு, கேஷுவல் என்றால் அதற்கு மேல் 25 விழுக்காடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாதிகூட கொடுக்கவில்லை! கேட்டதற்கு, வாய் திறந்தால் விசா போய்விடும் என்று மிரட்டியிருக்கிறார்கள். அவளும் பயந்து நான்கு மாதம் அங்கேயே இருந்தாள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அம்மா காசு அனுப்ப முடியாமல் அழுவாள் என்று நினைத்தாளாம்.

போகப் போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். என்ன விசாவில் இருந்தாலும் சம்பளச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். 'ஃபேர் ஒர்க் ஒம்பட்ஸ்மன்' என்ற அரசாங்க அலுவலகம் இதற்காகவே இருக்கிறது, தொலைபேசி எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 2025 ஜூலையில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24 டாலர் 95 காசாக ஏறியது. என் மகள் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறாள், முறையான சம்பளச் சீட்டு வருகிறது, மரியாதையாக நடத்துகிறார்கள். ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் முதல் வருஷத்தில் ஒரு பாடம் தவறிவிட்டது, அதைத் திரும்ப எடுக்கக் கட்டிய கட்டணம் அந்த நான்கு மாதத்தில் அவள் சம்பாதித்ததைவிட அதிகம்.

இப்போது எல்லாமே ஏறிவிட்டது. காட்ட வேண்டிய செலவுப் பணம் 2024 மே மாதத்திலிருந்து 29,710 டாலர், நம் பணத்துக்கு எண்பதாயிரம் வெள்ளியைத் தாண்டும். அது ஆளுக்கான ஒரு வருஷச் செலவு மட்டும், படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் தனி. விசாக் கட்டணம் என் மகள் போனபோது 710 டாலர், 2025 ஜூலையிலிருந்து 2,000. விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு பொதுவாகத் திரும்ப வராது.

பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். என் மகளுக்கு அந்தப் படிப்பு பிடித்திருக்கிறது. அந்த முதியோர் இல்லத்தில் ஒரு வயதான பாட்டி இவள் ஷிப்ட் வந்தால்தான் சாப்பிடுவாராம், அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் கேட்பதெல்லாம், அந்தப் பகுதி நேரச் சம்பளத்தை நம்பி அனுப்பாதீர்கள். அது பிள்ளையின் கைச்செலவுக்கு, ஒரு நல்ல ஜாக்கெட் வாங்க, நண்பர்களோடு ஒரு நாள் வெளியே போக. வாடகையும் சோறும் அதில்தான் ஓட வேண்டும் என்று வைத்துவிட்டால் பிள்ளை படிக்கப் போனதா கூலிக்குப் போனதா என்று தெரியாமல் போய்விடுகிறது. ஒரு வருஷச் செலவு கையில் சேரும் வரைக்கும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆஸ்திரேலியப் பட்டம்தான் வேண்டும் என்றால் நம் நாட்டிலேயே சன்வேயில் மோனாஷ், மிரியில் கர்ட்டின், கூச்சிங்கில் ஸ்வின்பர்ன் கிளைகள் இருக்கின்றன. எல்லாப் படிப்பும் அங்கே கிடையாது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம். முகவர் அலுவலகத்தில் உட்காரும்போது கட்டணத்தை மட்டும் கேட்காமல், 'இந்தப் படிப்பில் சம்பளமில்லாத பயிற்சி எத்தனை வாரம்?' என்று கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி இருப்பதே தெரியாது.

நாங்கள் இப்போது மாதம் 1,200 வெள்ளி அனுப்புகிறோம். வீட்டுக்காரர் ஆலையில் ஓவர்டைம் செய்கிறார், நான் தீபாவளிக்கு மட்டும் எடுத்துவந்த ரவிக்கைத் தையலை வருஷம் முழுக்க எடுக்கிறேன். வாடகையில் பாதிகூட ஆகாது, ஆனால் வாரம் ஒரு ஷிப்டாவது குறைத்துக்கொண்டாள். 2025 அக்டோபர் 20, தீபாவளி அன்று அங்கே லீவு இல்லை, வேலைக்குப் போகும் முன்னால் விடியற்காலை ஐந்தரைக்கு விளக்கேற்றி எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். நம் நேரத்துக்கு இரண்டரை மணி. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரங்கள் வரும் நாளில் இந்த மாதிரிச் செலவுக் கணக்கையும் பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மாதிரித் தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

அன்று பதாகைக்குக் கீழே பேசிக்கொண்டிருந்த அந்த அண்ணனும் அக்காவும் இதைப் படித்தால், சந்தைக்கு எதிரே என் கடைக்கு ஒரு நடை வாருங்கள். போன முதல் நாளிலிருந்து என் மகள் ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறாள், பால் ரொட்டி வரைக்கும். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், உங்களுக்கும் ஒன்று தருகிறேன்.

ஒரு மாணவியின் தாய்,
சுங்கை சிப்புட், பேராக்.