ஸ்டார்ட் ஆகாத கார்: எர்த்தைச் சரியாகப் பார்க்காமல் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் மாற்றியது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண், புதுக் குரல், மறுபடி முதலிலிருந்து கதை. அதனால் எழுத்தில் தருகிறேன். வண்டி வேலை தெரிந்த ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’. அதோடு சரி, இன்ஜின் சுற்றுவதில்லை. அந்த நேரத்திலும் முன்விளக்கு மங்குவதில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடிக்கும், விளக்கும் செத்துப்போகும். இங்கே இன்ஜினைச் சுற்ற வைக்கும் ஸ்டார்ட்டருக்குக் கரண்டே சரியாகப் போகவில்லையோ என்று சந்தேகப்பட இது ஒன்றே போதும். வண்டியைச் செய்தவர்கள் நீங்கள். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டரில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள். வேறு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் ஸ்டார்ட் ஆனதாம், அதனால் பேட்டரி வீக்காம். ஜம்பரின் மைனஸ் கிளிப்பை எங்கே மாட்டினார்கள்? இன்ஜின் பிளாக்கில். அப்படி மாட்டினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் கேபிளை (பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழி அதுதான்) தாண்டிக் கரண்ட் நேராக ஸ்டார்ட்டருக்குப் போய்விடும். அந்தக் கேபிள் கெட்டிருந்தாலும் வண்டி கிளம்பும். எர்த்தைச் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் பேட்டரியைப் பழி சொன்னார்கள். புது பேட்டரியிலும் அதே ‘டக்’. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார். அதற்கும் அதே ‘டக்’.

வண்டி ரெடி என்று சொல்லி வரவழைத்த அன்று நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. உங்கள் வாசலிலேயே வண்டி கிளம்பவில்லை. சர்வீஸ் அட்வைசர் ஆள் விட்டு ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, “வீடு போற வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க சார்” என்றார். ரிப்பேர் செய்து கொடுக்கும் வண்டிக்கு இதுவா அறிவுரை? எர்த்தைப் பாருங்கள் என்றதற்கு, “யூடியூப் பார்த்துட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க” என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். இந்த வார்த்தைக்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.

எர்த்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்துக் கேபிளின் இரண்டு முனையையும் தொட்டார்கள். பீப் வந்தது, எர்த் ஓகே என்று எழுதிவிட்டார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட், மில்லி ஆம்பியர் அளவில். நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். ஸ்டார்ட்டர் கேட்பது 150 ஆம்பியர் அளவில். வழியில் வெறும் 0.03 ஓம் தடை இருந்தாலே 4.5 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.03 ஓமைச் சாதாரண மீட்டரின் பீப் காட்டாது. லோடு இருக்கும்போது, அதாவது ஸ்டார்ட்டர் கரண்ட் இழுக்கும்போது, வோல்டேஜ் இறக்கத்தைத்தான் அளக்க வேண்டும்.

நான் அளந்தேன். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, பேட்டரி முனைகளில் 11.9 வோல்ட். பேட்டரி பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.2. பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 4.6. எர்த் பக்கத்தில் 0.2-ஐத் தாண்டக்கூடாது, மிஞ்சிப் போனால் 0.5. ஸ்டார்ட்டருக்குக் கிடைத்தது 7.1 வோல்ட்தான். எந்த மோட்டார் சுற்றும்? பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரே ஒரு ஜம்பர் கேபிள் போட்டேன். வேறு பேட்டரி இல்லாமலே முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.

எர்த் கேபிளின் பாடிப் பக்க லக்கை (கேபிள் முனையில் போல்ட் மாட்டும் உலோக வளையம்) கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் பளபளவென்று பெயின்ட்! முன்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தது உங்கள் சர்வீஸ் சென்டரேதான். அதற்கு முன் இந்தக் கோளாறு கிடையாது. லக்கின் நடுவில் போல்ட் தொடும் இடம் மட்டும் கருகியிருந்தது. படம் இணைத்துள்ளேன்.

இதற்கிடையே, ஸ்கேனரில் வோல்டேஜ் குறைவு என்று ஒரு பிழைக் குறியீடு வந்ததைக் காட்டி ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்ற எஸ்டிமேட் போட்டார்கள். எர்த் கெட்டாலும் அந்தக் குறியீடு வரக்கூடும். வோல்டேஜ் ஏன் குறைந்தது என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? அந்த எஸ்டிமேட்டுக்கு நான் சம்மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! இத்தனை அலைச்சலில் என் வேலை, வீடு, நிம்மதி எல்லாமே நாசமாகிவிட்டது. இதை எந்த இழப்பீடும் சரிக்கட்டாது.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றி ஒதுக்க வேண்டும். லக்கைக் கழற்றி, லக்கையும் பாடியையும் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்க்க வேண்டும். இழைகள் பச்சை பூத்திருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும். பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். கடைசியில் மைனஸ். பிறகு அதே சோதனை, 0.2-க்குள் வருகிறதா என்று.

தேவையில்லாமல் மாற்றிய பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் கூலிக்கும் வாங்கிய முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். எர்த்தை உங்கள் செலவில் சரிசெய்து, சோதனை அளவை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். உங்கள் வண்டியை விரும்பித்தான் வாங்கினேன், சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே படங்களோடும் அளவுகளோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அப்போது சமாதானம் பேச வராதீர்கள்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்

பின்குறிப்பு: கழற்றிய பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெஞ்சில் வைத்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்து, சுற்றுகிறதா என்று என் முன்னால் காட்டுங்கள்.