கேன்டீன் வரிசையில் நிற்கும் நம்மவர்களுக்கு

கடலூர் மாவட்டத்து முன்னாள் படைவீரர்களே, அதிலும் என்னைப் போல வெளியே வந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆனவர்களே, வணக்கம். இந்தத் தடவை அரசாங்கத்திடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை, கேட்பதெல்லாம் உங்களிடம்தான். ராணுவக் கேன்டீனில் ரம் வந்துவிட்டது என்றால் அந்தச் செய்தி அரை மணி நேரத்தில் திட்டக்குடி வரைக்கும் போய்விடுகிறது, அவ்வளவு ஒற்றுமை நமக்குள் இருக்கிறது. ஆனால் புதிதாகப் பெட்டியோடு வந்து இறங்குகிறவனுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

நான் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், பாதை, பாலம் போடுகிற ராணுவப் பொறியாளர் படை. பெங்களூரில் எங்களை எல்லோரும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு வருஷம் தம்பியாகவே இருந்துவிட்டு 2011 டிசம்பர் 31-இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். அதற்கு முந்தின நாள்தான் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தால் முந்திரித் தோப்பு, பலா, கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துக் கிடக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், அந்த முதல் இரண்டு மாதம் எனக்கு நல்ல காலம். மரம் அறுக்க, பாதை எடுக்க, ஜெனரேட்டர் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது, அது எனக்குக் கைவந்த வேலை. மூன்றாவது மாதம் கரண்ட் வந்து பாதையும் சரியான பிறகு, காலை நாலரைக்குத் தானாக விழிப்புத் தட்டி எழுந்து உட்கார்ந்தால் செய்ய ஒன்றுமே இல்லை. பிள்ளைகளுக்கு நான் லீவுக்கு வருகிற ஆள், லீவு ஏன் இன்னும் முடியவில்லை என்று அவர்கள் பார்க்கிற மாதிரி எனக்கே ஒரு கூச்சம். அப்புறம் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி, செக்யூரிட்டி. அதைவிட நல்ல வழி இருந்ததை யாராவது சொல்லியிருந்தால்தானே.

மத்திய அரசின் குரூப் சி வேலையில் 10 சதவீதம், தமிழ்நாட்டில் 5 சதவீதம் இட ஒதுக்கீடு நமக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசு வேலைக்கு, வெளியே வர ஒரு வருஷம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு வேலையில் சேர்ந்துவிட்டால் சலுகை முடிந்தது, ஆனால் சேர்ந்த உடனே ‘இன்னின்ன வேலைக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அவற்றுக்கு மட்டும் சலுகை நிற்கும் என்று 2014-இல் உத்தரவே வந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் எழுதிக் கொடுக்காமல் விட்டு நல்ல வேலையைத் தொலைத்தான்.

பெயர் விவகாரம் இன்னும் மோசம். நம் ஊர் இனிஷியலை வடக்கத்திக் கிளார்க் விரித்து எழுதும்போது அப்பா பெயர் நம் பெயராகிவிடும், மனைவி பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. யூனிட்டில் இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர், அதாவது பதிவேட்டில் மாற்றம் ஏற்றுகிற உத்தரவு, போட்டுச் சரிசெய்துவிடலாம். ஆள் போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு அந்த அம்மா ஒரு எழுத்துக்காக வருஷக்கணக்கில் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கம்யூடேஷன் பணம், பென்ஷனில் ஒரு பங்கை விட்டுக் கொடுத்து முன்கூட்டியே வாங்குகிற தொகை. மொத்தமாக வந்த அன்றே மனை, சீட்டு, மச்சான் கடன் என்று ஆள் வந்துவிடும், விட்டுக் கொடுத்த பாதி பென்ஷன் 15 வருஷம் கழித்துத்தான் திரும்பும் என்பது பிறகுதான் உறைக்கும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் நான்கு வருஷப் பணிக்கான அக்னிவீரராகப் படையில் சேர்ந்த பையன்களுக்கு நான்கு வருஷம் முடிகிற நேரம். நான்கில் ஒருவர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி என்ற மொத்தத் தொகையோடு இருபதுகளிலேயே ஊர் திரும்புவார்கள். பென்ஷன் இல்லை, கேன்டீன் இல்லை, ஈசிஹெச்எஸ் மருத்துவ வசதி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் இல்லை. ‘அவன் நம்ம ஆள் கிடையாது’ என்று வரிசையில் யாரோ சொன்னதை என் காதால் கேட்டேன், எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களுக்குக் கூடி உட்கார ஒரு இடமாவது இருக்கிறது. நமக்கு மண்டபமெல்லாம் வேண்டாம், திண்ணை போதும். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து நான் என் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். விருத்தாசலம், சிதம்பரம், நெய்வேலியிலும் ஆளுக்கொரு திண்ணை பாருங்கள். கிளார்க் டிரேடில் இருந்தவர்கள் கட்டாயம் வேண்டும், எனக்கு பாரம் நிரப்பத் தெரியாது. வருகிற தம்பிகள் டிஸ்சார்ஜ் புக், ஆதார் எடுத்து வாருங்கள், அக்னிவீரர் என்றால் இருக்கிற காகிதம் போதும். முடிந்தால் வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள். டீ என் செலவு.