என் நகத்தைப் பார்த்துச் சொன்ன பெண்ணுக்கும், மற்ற எல்லோருக்கும்

பெரம்பூரில் என் தையல் கடைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். ஷட்டர் மூடிக் கிடந்ததையும் பார்த்தீர்கள், நான் மூட்டு வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும் பார்த்தீர்கள். அதைத் திரும்ப எடுத்து ஓட்டப் போவதில்லை. இந்த வாரம் மறுபடியும் கத்தரிக்கோல் பிடித்துத் துணி வெட்டினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, கல்யாண ரவிக்கை தைக்க வந்த ஒரு பெண்ணுக்கு. "எழுதுங்கக்கா, ஆனா பேரு வேணாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

அளவு எடுத்தபோதே அவள் முழங்கையில் வெள்ளைச் செதில் படிந்த சிவப்புத் திட்டைப் பார்த்தேன். கை, முழங்கைக்குக் கீழே இறங்க வேண்டும் என்றாள். எழுதிக்கொண்டேன். எங்கள் தொழிலில் கண்ணில் எது பட்டாலும் வாயில் அளவு மட்டும்தான் வரும். அந்த நம்பிக்கையில்தான் பெண்கள் எங்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்த அன்று, கொக்கி மாட்ட என் விரல் மடங்கவில்லை. நடுவிரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக வீங்கியிருந்தது. அவளே மாட்டிக்கொண்டு, என் கையை டியூப்லைட் பக்கம் திருப்பினாள். "நகத்துல இந்தக் குழியெல்லாம் எவ்வளவு நாளா இருக்கு?" ஊசி குத்தாமலிருக்க விரலில் ஒரு தொப்பி மாட்டுவோமே, அதன்மேல் இருக்கிற மாதிரி சின்னச் சின்னக் குழிகள். தையல்காரி நகம் வேறு எப்படி இருக்கும் என்றேன். தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே குழிகள். அப்புறம் முழங்கையையும் காட்டினாள்.

"இது சொரியாசிஸ்க்கா. ஒட்டாது. உங்களுக்குத் தலையில பொடுகு மாதிரி, காதுக்குப் பின்னாடி, ஏதாவது இருக்கா?" இருந்தது, பல வருடமாக. "காலையில விரல் விட்டுக்கொடுக்க அரைமணிக்கு மேல ஆகுதா? எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்குதா?" இரண்டும்தான். மூட்டோ குதிகாலோ வலித்தால் காத்திருக்காமல் வந்துவிடு என்று அவளுடைய தோல் டாக்டர் சொல்லி வைத்திருந்தாராம். சொரியாசிஸ் உள்ள நூறு பேரில் முப்பது பேர் வரை மூட்டுக்கும் இறங்கலாம், நகத்தில் வந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று அவள்தான் சொன்னாள்.

கல்யாணம் நிச்சயமான பெண். மாப்பிள்ளைக்குத் தெரியும், மாமியாருக்கு அப்போது தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் என்னிடம் கை நீளம் கேட்டவள். அந்தக் கையை எனக்காக மேலே ஏற்றினாள். நான் எத்தனையோ பேருக்கு அளவு எடுத்திருக்கிறேன், எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

அதுவரை வைத்தியம் பார்த்த இடங்களில், மூட்டுவாதத்துக்காக ரத்தத்தில் தேடுகிற ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை, அதனால் வாதம் இல்லை என்றார்கள். யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட என்று பருப்பை நிறுத்தச் சொன்னார்கள். அவள் சொன்னபடி சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் மூட்டுவாதம் பார்க்கிற ருமட்டாலஜி பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா ரிப்போர்ட் கட்டைத் திறக்கும் முன் என் தலைமுடியை விலக்கிப் பார்த்தார். எனக்கு வந்திருப்பது சொரியாசிஸோடு சேர்ந்து வருகிற மூட்டுவாதம் என்றார். இந்த வகை மூட்டுவாதத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் பெரும்பாலும் இருக்காதாம், சொரியாசிஸ் இருந்தாலே யூரிக் ஆசிட் ஏறலாமாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாமாம். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடுகிற நோய் இல்லை, அதனால் தோல், நகம், விரல், குதிகால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். தாமதித்தால் கெட்ட மூட்டு பழையபடி திரும்பாது என்பதையும் மறைக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கும் அங்கிருந்த நர்ஸ்களுக்கும் நன்றி. இதற்காக எனக்கு எழுதிக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒருநாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் அட்டையின்மேல் "வியாழன் மட்டும்" என்று பேனாவால் எழுதித் தந்த மருந்துக்கடைத் தம்பிக்கு நன்றி. என் ரவிக்கைகளுக்கும் சேர்த்துக் கொக்கி தைத்த காஜா கடை அண்ணனுக்கு, கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்காத உங்களுக்கு, தலை வாரிவிட்ட என் மகளுக்கு. முடவாட்டுக்கால் சூப் கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தைக்கும் நன்றி. ருசியாக இருந்தது அத்தை. மாத்திரையை மட்டும் விடவில்லை.

மருந்து வேலை காட்ட மாதக்கணக்கில் ஆனது. ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை உண்டு. இது போதாவிட்டால் ஊசி இருக்கிறது, அதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இப்போதைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இனிமேல் அளவு எடுக்கும்போது யார் முழங்கையிலாவது அந்தத் திட்டைப் பார்த்தால் என்ன செய்வது என்று ரொம்ப யோசித்தேன். முன்போல் வாயை மூடிக்கொண்டிருக்க மனசு வரவில்லை, சட்டென்று கேட்டுவிடவும் கூடாது. என் நகத்தை முதலில் காட்டப் போகிறேன். பேச விருப்பம் இருந்தால் அவர்கள் பேசட்டும், இல்லாவிட்டால் கை நீளம் எழுதிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு இந்த முறை ஆர்டர் குறைவாகத்தான் எடுக்கிறேன், ஆரி வேலை கிடையாது. கடை பத்தரைக்குத் திறக்கும். அதற்கு முன்னால் வந்து ஷட்டரைத் தட்டாதீர்கள், கை இன்னும் விட்டுக்கொடுத்திருக்காது.